மலையின் வேரும் எண்ணெய்க் கிணறும்

காவிரிக் கழிமுகத்தில் எண்ணெய்க் கிணறு ஒன்று தோண்டப்படும்போது, இரண்டாயிரம் மூவாயிரம் மீட்டருக்குக் கீழிருந்து நான்கங்குல விட்டமும் சில மீட்டர் நீளமும் உள்ள ஒரு கல்தண்டை அறுத்து மேலே கொண்டுவருவதற்காகச் செலவிடப்படும் பணமும் எடுத்துக்கொள்ளப்படும் ஜாக்கிரதையும் சாமானியமானவை அல்ல. அந்தத் தண்டின் மேல்முனை எது, கீழ்முனை எது என்று குறியிட்டு, ஆழத்தை எழுதி, பெட்டியில் அடுக்கி, பல வருஷம் கழித்து வரும் ஓர் இளைஞன் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கத்தக்க விதத்தில் அதைப் பாதுகாத்து வைக்கிறார்கள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியிலோ, இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கீழே உருவாகி, எத்தனையோ கோடி வருஷங்களில் பூமி தானாகவே மேலே தூக்கிவைத்த பாறைகளை, ஒரு கைப்பிடியளவு மாதிரிகூட எடுத்துவைக்காமல் வெடிவைத்துத் தகர்த்து, முக்கால் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரிகளில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இவ்விரண்டு காரியங்களும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆற்றுப் படுகையின் மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் நடக்கின்றன. இதில் உள்ள முரண்பாடு எவர் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் விசித்திரம்.

மலைகளுக்கும் எண்ணெய்க்கும் உள்ள சம்பந்தம் பொதுஜனங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்த விஷயமல்ல. எண்ணெய் என்றால் நம் மனக்கண்ணில் பாலைவனமும் கடலுமே தோன்றுகின்றன. ஆனால் மேற்காசியாவில் வியாபாரத்துக்கு உரிய அளவில் முதன்முதலாக எண்ணெய் பீறிட்டது 1908-இல், பாரசீகத்தில், ஸாக்ரோஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள மஸ்ஜித்-இ-சுலைமானில். நம் தேசத்தில் 1889-இல் எண்ணெய் கண்ட திக்பாய், அஸ்ஸாமின் கிழக்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. 1956-இல் அமைக்கப்பட்ட எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் மறுவருஷம் தன் முதல் ஆய்வுக் கிணற்றைத் தோண்டத் தேர்ந்தெடுத்த இடமோ, இமயத்தின் காலடியில், பூமியிலிருந்து கசியும் வாயு அணையாமல் எரிவதால் தேவியின் சந்நிதியாக வணங்கப்பட்டுவரும் ஜ்வாலாமுகி. (வாயு வந்தது, விற்கும் அளவுக்கு வரவில்லை.)

இதற்குக் காரணம் உண்டு. இரண்டு நிலப்பகுதிகள் மோதி மலை எழும்போது, எழும் மலையின் பாரத்தால் அதற்கு முன்னுள்ள தரை தாழ்ந்து பள்ளமாகிறது; மலையிலிருந்து அரித்துவரும் மண்ணும் மணலும் அப்பள்ளத்தை நிரப்பி, அடியில் கிடக்கும் பழைய கடற்சேற்றை ஆழப் புதைக்கின்றன; சேற்றில் மடிந்து கிடக்கும் நுண்ணுயிர்களின் எச்சம், ஏறத்தாழ 60 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில், லட்சக்கணக்கான வருஷங்களில் எண்ணெயாக மாறுகிறது; மலையின் நெருக்குதல் ஓயாமல் தொடர்வதால் அடுக்குகள் மடிந்து வளைந்து, மேலே ஏறிவரும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் கவிகைகளாகின்றன. ஆகவே மலை எவ்வாறு மடிந்தது என்று அறியாதவன், எண்ணெய் எங்கே தங்கும் என்று சொல்வதற்கு வழியில்லை. நாகா மலைகளின் ஓரத்தில் பாறைத் தகடுகள், கூரையில் ஓடு அடுக்கியதுபோல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை விளங்கவைத்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளிலும் அரசாங்கத்திலும் உத்தியோகம் பார்த்த பூகர்ப்ப சாஸ்திரிகளே. 1964-இல் டில்லியில் சர்வதேச நிலவியல் மாநாடு கூடியபோது, எல்.பி. மாத்துரும் பெர்சி எவான்ஸும் இந்தியாவின் எண்ணெய் வளத்தைப் பற்றி எழுதி அளித்த நூல் இன்றும் அத்துறையில் ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

மலையையும் எண்ணெயையும் ஒரே வாழ்க்கையில் இணைத்துக் காட்டிய ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆகுஸ்டோ கான்ஸரைத்தான் நான் சொல்வேன். 1936-இல், இருபத்தைந்து வயது இளைஞராக, ஆர்னால்ட் ஹைமுடன் இமயத்துக்கு வந்த அவர், அந்நியர் நுழையலாகாது என்று அடைத்துக் கிடந்த திபேத்துக்குள், யாத்திரிகர் வேஷம் பூண்டு புகுந்து, கயிலையங்கிரியை வலம்வந்தார். பக்தர்கள் தலைகுனிந்து நடக்கும் அப்பாதையில் அவரும் தலைகுனிந்தே நடந்தார். அவர் தேடியது காலடிக் கற்களை. கயிலையின் சிகரம், ஆறுகள் உருட்டிவந்த கூழாங்கற்கள் இறுகிய பாறையால் ஆனது என்பதைக் கண்டார். அதன் தெற்கே, ஆழ்கடலின் தரைக்கு மட்டுமே உரிய கரும்பச்சைப் பாறைகள் உலகத்தின் உச்சியில் கிடப்பதையும் கண்டார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்ற சித்தாந்தம் நிலைபெறுவதற்கு முப்பது வருஷங்களுக்கு முன் எடுக்கப்பட்ட அக்குறிப்புகள்தாம், இந்தியாவும் ஆசியாவும் மோதி ஒட்டிக்கொண்ட தையல் கோடு அங்கே ஓடுகிறது என்று பின்னர் நிரூபிக்கத் துணையாயின. அந்த மனிதர் அதன்பின் என்ன செய்தார்? கொலம்பியாவிலும் டிரினிடாடிலும் எண்ணெய் தேடினார். 1951 முதல் ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனியின் தலைமை நிலவியலாளராக இருந்தார். 1956-இல் கோம் நகரத்துக்கு அருகே, அவர் காலத்தில் தோண்டப்பட்ட கிணறு ஒன்று, அடக்க முடியாத வேகத்தில் எண்ணெயைக் கக்கிற்று. பிறகு ஜூரிச்சுக்குத் திரும்பிப் பேராசிரியராகி, 1964-இல் இமயத்தின் பூகர்ப்ப அமைப்பைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டு, நூற்றொரு வயது வாழ்ந்து, 2012-இல் மறைந்தார். கயிலையில் கல் பொறுக்கியதால் யாருக்கு என்ன லாபம் என்று 1936-இல் ஒரு கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால், கான்ஸரிடம் தக்க பதில் இருந்திருக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல்லில் பெட்ரோல் கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கிடைக்காது. சிறுமலையும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல்லால் ஆனவை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல்லில் இவ்வகைக் கல்லைக் கண்டு, பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கல்லோடு ஒப்பிட்டு, தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. இப்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி வருஷங்களுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இன்றைய இமயத்தோடு ஒப்பிடத்தக்க ஒரு பர்வதத்தின் அடிவயிற்றில் கிடந்து வெந்தவை. மடகாஸ்கரும் இலங்கையின் மத்திய மலைநாடும் அதே பர்வதத்தின் உறுப்புகளே. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் உள்ள கெங்குவார்பட்டி, நம் ஜனங்களுக்கு ஒரு பஸ் நிறுத்தம். உலகத்து நிலவியல் சஞ்சிகைகளிலோ அது பிரசித்தமான பெயர். காரணம், அங்குள்ள பாறையில் ஸஃபிரின் என்ற அபூர்வத் தாதுவும் குவார்ட்ஸும் சேர்ந்திருப்பதைக் கொண்டு, அது 900 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டை அனுபவித்தது என்று கணித்திருக்கிறார்கள். எண்ணெய் உண்டாகும் சூட்டை இந்தப் பாறைகள் எப்போதோ கடந்துபோயின. பழங்கடலில் படிந்த சுண்ணாம்பு, திண்டுக்கல் மாவட்டத்தில் கரிக்காலிப் பக்கம் பளிங்காக இறுகி, இன்று சிமெண்டாகிக்கொண்டிருக்கிறது. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டை, அதே பழங்கடல்களின் சேற்றில் கலந்திருந்த உயிர்ப்பொருள் கரியான நிலை என்று கருத இடமிருக்கிறது. அப்படியானால், எண்ணெயாகியிருக்கக்கூடியது பென்சில் கரியாக முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

மனிதன் இதுவரை தோண்டியதில் மிக ஆழமான துளை, ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் ஆரம்பித்து 1989-இல் 12,262 மீட்டரை எட்டி, அதற்குமேல் சூடு பொறுக்காமல் கைவிடப்பட்டது. ஒரு வல்லரசு இருபது வருஷம் முயன்று தொட்ட ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்திலிருந்து வந்த கல்லை, சிறுமலைக்குப் போகும் சாலையின் வளைவில் யார் வேண்டுமானாலும் பஸ்ஸை விட்டு இறங்கித் தொட்டுப் பார்க்கலாம். அதைச் சிந்தித்துத்தான் நான் கைப்பிடி மாதிரியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

எண்ணெய் இல்லாத இந்தப் பாறைக்கும் எண்ணெய் உள்ள கழிமுகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடலாகாது. தஞ்சை ஜில்லாவின் மகாராஜபுரத்தில் 1898-இல் பிறந்து, 1951-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன், இந்தியாவின் பழம்பாறைகளில் பதிந்துள்ள மலைப்போக்குகளைத் தார்வார் போக்கு, ஆரவல்லிப் போக்கு, கிழக்குத் தொடர்ச்சிப் போக்கு, சாத்பூராப் போக்கு என்று வகுத்துக் காட்டியவர்களில் தலையானவர். 1943-இல் வெளிவந்த அவருடைய இந்திய நிலவியல் நூலைப் படிக்காமல் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் ஒரு தலைமுறைக்கு இந்நாட்டில் அரிது. அவர் காட்டிய கிழக்குத் தொடர்ச்சிப் போக்கு, வடகிழக்கு தென்மேற்காகச் செல்வது. கோண்டுவானா பிளந்து இந்தியா அண்டார்ட்டிகாவிலிருந்து பிரிந்த காலத்தில் காவிரிப் பகுதியில் தோன்றிய பள்ளங்களும், அவற்றுக்கு இடையே மேடாக நின்ற முகடுகளும் அதே திசையில்தான் நீண்டு கிடக்கின்றன. கும்பகோணத்திலிருந்து மாதானம் வழியே பரங்கிப்பேட்டை நோக்கிச் செல்லும் முகடும், பட்டுக்கோட்டை மன்னார்குடி முகடும் அதற்கு உதாரணம். முதிர்ந்த பர்வதத்தின் நரம்பு எந்தத் திசையில் ஓடிற்றோ, அந்தத் திசையிலேயே நிலம் பின்னர் விரிந்தது. 1964-இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு தோண்டி, 1985-இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டு, 1993-இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது வரையில் நடந்த பிரயாசை முழுவதும் இந்தப் பள்ளங்களையும் முகடுகளையும் ஊகித்து அறிந்த வித்தையின் பலன்.

மண்ணும் இங்கிருந்து போனதுதான். பழனி மலையின் கீழ்ச்சரிவில் பிறந்து ஆத்தூரையும் வேடசந்தூரையும் தொட்டு அமராவதியில் கலக்கும் குடகனாறு, மழை பெய்த வருஷங்களில் இன்றும் நம் மலைகளின் துகளைக் காவிரிக்குக் கொண்டுசேர்க்கிறது. மருதாநதி கொண்டுபோவது வைகை வழியாக, எரிவாயு எடுக்கப்படும் ராமநாதபுரம் பக்கம் சேர்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. மணற்கல்லின் துவாரங்களில்தான் எண்ணெய் நிற்கும், அதற்குக் கீழே பழம்பாறை வந்ததும் துளையிடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அத்தொழிலின் நெடுநாளைய வழக்கம். வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1988 முதல் கருங்கல்லின் வெடிப்புகளிலிருந்தே ஏராளமாக எண்ணெய் வரத் தொடங்கியதும் அவ்வழக்கம் ஆட்டங்கண்டது. சீர்காழிக்கு அப்பால் உள்ள மாதானத்திலும், காவிரிப் படுகையின் அடித்தளப் பாறையில், அதன் விரிசல்களில், எண்ணெய் கண்டிருக்கிறார்கள். அந்த அடித்தளப் பாறை, திண்டுக்கல்லில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் பழம்பாறைகளின் இனத்தைச் சேர்ந்தது. அங்கே ஆயிரக்கணக்கான மீட்டர் மண்ணுக்கு அடியில் கிடப்பதால், அதன் விரிசல்கள் எந்தத் திசையில் எத்தனை அடர்த்தியாக ஓடுகின்றன என்பதை நான்கங்குலத் தண்டைக் கொண்டும் அதிர்வலைப் படத்தைக் கொண்டும் யூகிக்க வேண்டியிருக்கிறது. இங்கே அதே குடும்பத்துப் பாறை நூறடி உயரச் சுவராகக் குவாரிகளில் நிற்கிறது. கண்ணால் பார்த்து, கையால் அளந்து, எழுதிவைப்பதற்கு ஆள்தான் இல்லை.

கழிமுகத்தில் எண்ணெய் எடுக்கத்தான் வேண்டுமா என்ற வழக்கில் நான் இங்கே புக விரும்பவில்லை. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஜனங்கள் எழுப்பிய குரலுக்கும், 2020-இல் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி இயற்றிய சட்டத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் கீழே இருப்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். மேலும், எண்ணெயை மறந்துவிட்டாலும் தண்ணீரை மறக்க முடியாதல்லவா? மாதானத்தில் எண்ணெய் நிற்கும் அதேவிதமான விரிசல்களில்தான் நம் சமவெளியின் குடிநீர் நிற்கிறது. ஒரு விவசாயி கடன் வாங்கி எண்ணூறு அடிக்கு போர் போட்டுப் புகை மட்டும் கண்டு திரும்புவதும், அடுத்த வயலில் முந்நூறு அடியில் தண்ணீர் கொட்டுவதும் விதியின் விளையாட்டாகச் சொல்லப்படுகின்றன. தோல் பதனிடும் ஆலைகளின் உப்புநீர் எந்தக் கிணற்றைக் கெடுத்தது, எதை விட்டுவைத்தது என்பதிலும் விரிசல்களின் போக்குக்குப் பெரிய பங்கு உண்டு. குவாரிச் சுவரில் விரிசல்களை அளந்து வரைந்த படம் ஒன்று கைவசம் இருந்தால், எண்ணெய்க் கம்பெனிக்கு முன்னால் அது கிணறு வெட்டுகிறவனுக்கே உதவும்.

சாஸ்திர உலகத்துக்கும் நம் கற்கள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. கோண்டுவானா ஒட்டுப்போட்ட தையல் எங்கே என்பது தீராத வழக்கு. 1980-இல் ட்ரூரியும் ஹோல்ட்டும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தென்னிந்தியாவின் பெரும் கோடுகளை வரைந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த எம். சந்தோஷும் ஜப்பானிய சகாக்களும் 2009-இல், பாலக்காடு காவிரிக் கோட்டிலே ஒரு சமுத்திரம் மூடிக்கொண்டது என்று வாதித்தார்கள். அதற்கு முன்பே 2004-இல் மார்ட்டன் டி விட்டும் அவருடைய கூட்டாளிகளும், கரூரிலிருந்து ஒட்டன்சத்திரம், கம்பம், பைனாவு வழியாகத் திருச்சூர் வரை ஓடும் வேறொரு கோட்டுக்கு முக்கியத்துவம் கொடுத்திருந்தார்கள். எவர் கட்சி ஜெயிக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: சாட்சிகள் கரூருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே உள்ள கரடுகளிலும் குன்றுகளிலும் இருக்கிறார்கள், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே சாட்சிகளை ஒவ்வொருவராக அரைத்துத் தூளாக்கிக்கொண்டிருக்கிறோம்.

குவாரிகளை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடும் பாலமும் கல்லில்லாமல் எழா. அந்த வேலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. உண்மையைச் சொன்னால் குவாரிக்காரர் நிலவியலாளருக்கு விரோதியே அல்லர்; வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்து மங்கிய பாறையில் தெரியாத மடிப்பும் நிறமும், புதிதாக வெட்டிய முகத்தில் பளிச்சென்று தெரிகின்றன. குறை வெட்டுவதில் இல்லை, எழுதாமல் வெட்டுவதில் இருக்கிறது.

திண்டுக்கல் கோட்டைப் பாறை பிழைத்திருக்கிறதென்றால், நாயக்க மன்னர்கள் அதன்மேல் கோட்டை கட்டியதும், தொல்லியல் துறை அதைக் காப்பதும்தான் காரணம். பாறைக்காகப் பாறையை யாரும் காப்பாற்றவில்லை. தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாகத் தமிழ்நாட்டில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும், பரங்கிமலைச் சார்னோக்கைட்டும், காரைப் பகுதியின் அரிநிலமும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நம் மாவட்டத்துக்கு இடமில்லை. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்காக 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அது சட்டமானாலும், விசேஷமான சில இடங்களுக்கே காப்பு ஆகும். பெயரில்லாத ஆயிரம் கரடுகளுக்கு ஆகாது.

ஆகவே நான் கேட்பது சிறிய காரியம். குத்தகை கொடுக்கும் முன்னும், புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும், பயிற்சி பெற்ற ஒருவர் சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு அந்தக் குன்றில் ஒரு நாள் நடந்து, பாறையின் சாய்வையும் விரிசல்களின் திசையையும் அளந்து, படம் எடுத்து, திசை குறித்த கைப்பிடி மாதிரிகள் சிலவற்றைச் சர்வே எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். சிறு குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்த பிறகு, தூசியையும் சத்தத்தையும் நிலத்தடி நீரையும் பற்றிக் கட்டுக்கட்டாக அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அவற்றோடு நான்கு தாள் சேர்ப்பது யாருக்கும் பாரமாகாது. இதற்கான செலவு, ஒரு கிரஷருக்கு ஒரு நாள் ஓடும் லாரிகளின் டீசல் செலவைத் தாண்டாது என்பது என் எண்ணம். காந்திகிராமத்தில் நிலவியல் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாதிரிகளை அடுக்க ஓர் அறையும், படங்களை எவரும் பார்க்கும்படி வைக்க ஒரு கணினியும் அங்கேயே அமைந்துவிட்டால், சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ கல் சுமக்க வேண்டியதில்லை. புதுச் சட்டத்துக்காகக் காத்திராமல், குத்தகை நிபந்தனைகளில் ஒரு வரியைச் சேர்த்து, மாவட்டக் கனிம அலுவலகம் இந்த வருஷமே ஆரம்பிக்கலாம். ஒட்டன்சத்திரம் வட்டத்திலிருந்து ஆரம்பிப்பது உசிதம்.